பாலியில் ஏழு இரவு: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு பாலித் தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது மாமியார். மொத்தம் ஏழு இரவு. கடற்கரை ரிசார்ட்டில் ஏழு நாளும் காலை நீட்டிப் படுத்திருந்தால் போதும் என்கிறார் கணவர். மாமியாருக்கு அங்குள்ள கோயில்களைப் பார்க்க ஆசை. ஆனால் முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். சுத்த சைவம் வேறு. ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தில் நூசா துவாவில் ஒரே ரிசார்ட், அங்கிருந்து தினம் ஒரு டூர்: உபுட், பத்தூர் எரிமலையில் சூரிய உதயம், லொவினாவில் டால்ஃபின், நூசா பெனிடா தீவு, உலுவாட்டு கோயில். சின்னவனை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா? இல்லை, கணவர் சொல்கிற மாதிரி ரிசார்ட்டை விட்டு நகராமல் இருப்பதுதான் நல்லதா?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் திட்டத்தைப் பார்த்துவிடுவோம். அதில் இருக்கும் இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் அதைப் போட்டவர் வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறாரே தவிர, ரோட்டைப் பார்த்துப் போடவில்லை. பாலி சின்னத் தீவுதானே என்று தோன்றும். ஆனால் தெற்கில் பெரும்பாலும் இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலத்துக்குத்தான் சாலை. அதில் பாதியை ஸ்கூட்டர்கள் எடுத்துக்கொள்ளும். தெற்கு முனையில் இருக்கும் நூசா துவாவிலிருந்து, தீவின் உட்பகுதியில் இருக்கும் உபுட் ஊருக்குப் போக ஒன்றரை மணி நேரம். மாலை நெரிசலில் திரும்பினால் இரண்டையும் தாண்டும். குழந்தைகளோடு பாலி போய் அலுத்துத் திரும்பும் குடும்பங்களை அலுக்க வைப்பது கோயிலோ வெயிலோ இல்லை, வண்டிதான். அதனால் எந்த இடத்துக்குப் போவது என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை மணி நேரம் காரில் உட்காரப் போகிறோம் என்று பாருங்கள். அந்தக் கணக்கைப் போட்டாலே பட்டியல் தானாகப் பாதியாகிவிடும்.

எதையெல்லாம் அடிக்கலாம்? பத்தூர் மலை முதலில். 1,717 மீட்டர் உயரம். உச்சியில் உதயம் பார்க்க வேண்டுமென்றால் தெற்குக் கடற்கரையிலிருந்து நள்ளிரவு தாண்டியதும் கிளம்பி, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் கரடுமுரடான எரிமலைப் பாறையில் ஏற வேண்டும். ஐந்து வயதுக்கும் 68 வயதுக்கும் இது சரிப்படாது. அடுத்தது லொவினா. அது வடக்குக் கரை. நடுவில் மலையைத் தாண்ட வேண்டும், போக மட்டுமே மூன்று மணி நேரம். டால்ஃபின் படகுகள் விடியும்போதே கிளம்பிவிடும் என்பதால் இதற்கும் பாதி ராத்திரியில் எழ வேண்டும். கண்ணில் பட்ட டால்ஃபினைப் பல படகுகள் சேர்ந்து துரத்துகிற காட்சி எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மூன்றாவது நூசா பெனிடா. படங்களில் பார்க்கும் அந்தப் பாறை முனை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வேகப்படகில் அலை தூக்கிப் போடும், தீவுக்குள் ரோடு குலுக்கும், பார்க்கிற இடமெல்லாம் செங்குத்துப் படி. மாமியாரால் முடியாது. சின்னவன் வாந்தி எடுப்பான். மகள் பெரியவளான பிறகு அவளாகவே போய்க்கொள்ளட்டும்.

மிச்சம் உபுட்டும் உலுவாட்டும். இரண்டையும் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கடற்கரை விஷயத்தை முடித்துவிடலாம். ஏனென்றால் உங்கள் கணவர் கேட்பது ஒன்றும் தப்பில்லை. விடுமுறைக்குப் போகிறவருக்குச் சும்மா இருக்க முழு உரிமை உண்டு. எந்தக் கடலோரத்தில் சும்மா இருப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பாலியின் மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் இரண்டு வேறு கடல் மாதிரி. குட்டா, லெகியான், செமின்யாக், சங்கு எல்லாம் மேற்கில். நேராக இந்தியப் பெருங்கடலின் அலை வந்து மோதும் இடங்கள். அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்குச் சொர்க்கம், குழந்தைகளுக்கு ஆபத்து. அலை உடைந்த பிறகு கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் அங்கே பலமாக இருக்கும், நன்றாக நீந்துபவர்களையே கொண்டுபோய்விடும். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும், தனிச் சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே கூடாது. கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கும் சானூரிலும் நூசா துவாவிலும் அப்படியில்லை. கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் பவளப்பாறை அரண்போல நிற்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே வருவது குளத்துத் தண்ணீர் போல அடங்கிய கடல்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஓதம் இறங்கும்போது தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, முழங்கால் ஆழத்துக்குப் பாசியும் பாறையுமாகக் கிடக்கும். அந்த நேரத்தில் போய் நின்று, படத்தில் பார்த்த கடல் எங்கே என்று கோபப்படுகிறவர்கள் நிறைய. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் அதிகம். நீங்கள் போகும் வாரத்துக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ரிசார்ட்டில் கேட்டாலும் சொல்வார்கள். ஏற்ற நேரத்தில் கடல், இறக்க நேரத்தில் நீச்சல்குளம் என்று வைத்துக்கொண்டால் தகராறு இல்லை. இறக்க நேரத்திலும் சின்னவனுக்கு வேலை இருக்கிறது: தேங்கிய குட்டைகளில் நண்டு, நட்சத்திரமீன் தேடலாம். காலில் ரப்பர் அடி வைத்த நீர்ச்செருப்பு கட்டாயம். பாறை இடுக்கில் கடல் முள்ளெலிகள் இருக்கும், மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும்.

சரி, நூசா துவாவா சானூரா? உங்கள் குடும்பத்துக்கு நான் சானூர் என்பேன். நூசா துவா, சுற்றுலாவின் பாதிப்பு கிராமங்கள் மேல் விழக்கூடாது என்று 1970களில் ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் திட்டமிட்டுக் கட்டிய பகுதி. வாசலில் காவல், உள்ளே புல்வெளி, வரிசையாகப் பெரிய ரிசார்ட்டுகள். மணலும் அங்கேதான் வெளுப்பு. ஆனால் அது போட்ட நோக்கப்படியே இருக்கிறது: அதற்குள் தங்கினால் பாலி ஊர் கண்ணில் படாது, எதைப் பார்க்கவும் வண்டி ஏற வேண்டும். சானூர் உண்மையான ஊர். கடற்கரையை ஒட்டியே ஐந்து கிலோமீட்டர் அளவுக்குச் சமதளமான நடைபாதை போகிறது. ஒரு பக்கம் இருபுறமும் மிதவைக்கட்டை வைத்த மீன்பிடிப் படகுகள், இன்னொரு பக்கம் சின்னச் சின்னக் கோயில்கள், சாப்பாட்டுக் கடைகள். முழங்கால் வலிக்காரர் மெதுவாக நடந்து, தோன்றுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். பெரிய ரிசார்ட்டுகள் இங்கேயும் உண்டு, ஆனால் கட்டடங்கள் தாழ்வாக இருக்கும். 1966இல் இந்தக் கரையில் பத்து மாடி ஹோட்டல் ஒன்று எழும்பியது. அதன் பிறகுதான் தென்னைமர உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று தீவு முழுக்கப் பதினைந்து மீட்டர் வரம்பு வந்தது. இன்னொரு லாபம், சானூர் கிழக்கு பார்த்த கரை. வானம் தெளிவாக இருந்தால் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் எரிமலையும் கடலில் எழும் சூரியனும் ஒரே பார்வையில் கிடைக்கும். பத்தூர் ஏறாமலே உதயம் பார்த்தாயிற்று.

இப்போது ஏழு இரவைப் பிரிக்கிற விதம். முதல் இரண்டு இரவு உபுட்டில், மீதி ஐந்து இரவு சானூரில். ஒரே ஒரு தடவைதான் பெட்டி கட்ட வேண்டும். வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஒருதடவை கடலில் இறங்கிவிட்ட பிள்ளைகளை மலைப்பக்கம் கிளப்புவது லேசில் நடக்காது. உபுட்டை முதலில் முடித்தால் கடல் அவர்களுக்குப் பரிசு மாதிரி காத்திருக்கும். உபுட்டிலேயே தங்கினால், நூசா துவாவிலிருந்து போய்வர ஆகும் அந்த மூன்று மணி நேரமும் மிச்சம்.

உபுட்டில் ஹோட்டல் எடுக்கும்போது வயல் காட்சி, காட்டு நடுவில் குடில் என்பதற்கெல்லாம் மயங்காமல், அரண்மனைக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள். அங்கே பூரி சாரென் அரண்மனை முற்றத்தில் அநேகமாகத் தினமும் இரவு ஏழரைக்கு நடனம் உண்டு, ஒவ்வொரு நாளும் வேறு வேறு குழு. சீக்கிரம் போனால் முன்னால் இடம் பிடிக்கலாம். லெகோங் ஆடும் நாளாக இருந்தால் உங்கள் மகளுக்காகவே தவறவிடாதீர்கள். மரபாக அது அவள் வயதுச் சிறுமிகள் ஆடிய ஆட்டம். தலையில் பொன்னிறக் கிரீடம், விரல் நுனிகள் நடுங்கிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் சட்டென்று இடமும் வலமும் வெட்டும். பரதம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தது போலவும் இருக்கும், புரியாதது போலவும் இருக்கும். பக்கவாத்தியமான கமேலான் குழுவுக்கு அருகில் உட்காருங்கள். ஜோடி ஜோடியாக இருக்கும் அந்த வெண்கலத் தகடுகளில் ஒன்றை மற்றதைவிட ஒரு இழை கூட்டிச் சுருதி சேர்த்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகத் தட்டும்போது காற்றே அதிர்வது போல ஒரு ரீங்காரம் எழும். ஒலிப்பதிவில் இது பாதிகூட வராது.

பாரோங் நடனமும் நன்றாக இருக்கும். சிங்கம் போன்ற பாரோங்கைப் பார்த்துச் சின்னவன் குதிப்பான். ஆனால் அதில் ரங்தா என்ற சூனியக்காரி வருவாள், தொங்கும் நாக்கும் கோரைப்பல்லும் வைத்துக்கொண்டு. பயந்த சுபாவம் என்றால் பின்வரிசை.

மாமியாரின் கோயில் ஆசைக்கு என் தேர்வு இரண்டு. முதலாவது உபுட்டிலிருந்து அரை மணி தூரத்தில் தம்பாக்சிரிங்கில் உள்ள தீர்த்த எம்புல். கி.பி. 962இல் எழுந்ததாகக் கல்வெட்டு சொல்லும் ஊற்றுக்கோயில். நிலத்தடியிலிருந்து மணலைக் கிளறிக்கொண்டு நீர் பொங்குவதைக் குளத்தில் கண்ணால் பார்க்கலாம். அந்த நீர் கல் தூம்புகள் வழியாகக் கொட்டும். மக்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு தூம்பிலும் தலை நனைத்து நகர்வார்கள். ஈமச் சடங்குக்கு ஒதுக்கிய தூம்புகளை மட்டும் தாண்டிப் போவார்கள். இறங்க விருப்பமிருந்தால் அதற்கென்று தனி சாரோங் (லுங்கி போன்ற இடுப்புத் துணி) தருவார்கள். முறையை வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், படம் எடுக்கிற அவசரத்தில் வேண்டாம். நீர் சில்லென்று இருக்கும், காலடியில் கல் வழுக்கும், அதனால் மாமியார் கரையில் நின்று தலையில் தெளித்துக்கொண்டால் போதும். காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தால் உள்ளூர்க்காரர்களோடு இருக்கலாம். பத்து மணிக்கு மேல் பேருந்துகளோடு இருப்பீர்கள். பக்கத்திலேயே இருக்கும் குனுங் காவி, பாறையில் குடைந்த பதினோராம் நூற்றாண்டு நினைவு மாடங்கள், அருமையான இடம்தான். ஆனால் பள்ளத்தாக்குக்குள் முந்நூறு படி அளவுக்கு இறங்கி ஏற வேண்டும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது மெங்வியில் உள்ள தமான் அயுன். 1634இல் மெங்வி அரசர் கட்டியது. சுற்றிலும் அகழி, உள்ளே பதினொரு அடுக்கு வரை ஓங்கிய கருங்கூரைக் கோபுரங்கள். உள் பிராகாரத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. ஆனால் அதைச் சுற்றிச் சமதளமாக ஒரு நடைவழி இருக்கிறது, மதிலும் தாழ்வு. ஒரு சுற்று வந்தால் உள்ளே உள்ளது எல்லாம் கண்ணில் பட்டுவிடும், அநேகமாகப் படியே ஏறாமல். உபுட்டிலிருந்து சானூருக்கு மாறும் நாளில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு இதைப் பார்த்துவிட்டுப் போனால், ஊர் மாறுகிற நாளே கோயில் பார்த்த நாளாகவும் ஆகிவிடும். வழியில் வயல்களைப் பார்த்தால் மகளுக்குச் சுபாக் பற்றிச் சொல்லுங்கள்: யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை உழவர்கள் கூடி, தண்ணீர்க் கோயில்களை நடுவில் வைத்து முடிவு செய்யும் பழைய ஏற்பாடு. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமான் அயுனையும் அதன் பகுதியாகவே சேர்த்தது.

மாமியாரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவைப்பது நல்லது. அங்கே கோயில் என்றால் கருவறை, விக்கிரகம், தீபாராதனை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். திறந்த முற்றங்கள், கூரை மாடங்கள், உச்சியில் வெறுமையாக விடப்பட்ட கல் சிம்மாசனம், இவ்வளவுதான். திருவிழா நாளில் தெய்வம் வந்து அமரும் இருக்கை அது. பிரம்மா, விஷ்ணு, சிவன் பெயரெல்லாம் காதில் விழும். வழிபாடு மட்டும் வேறு. நாமும் இந்துதான் என்று சொல்லி உள் முற்றத்துக்குள் நுழையப் பார்க்க வேண்டாம். அங்கே கயிறு கட்டியிருப்பது வழிபட வருகிற ஊராருக்காக. எல்லோருக்கும் இடுப்பில் சாரோங்கும் அதன் மேல் கச்சையும் வேண்டும், வாசலிலேயே தருவார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வரக்கூடாது என்று வாசலில் பலகை இருக்கும். அந்த வாரம் உங்களுக்கு அப்படி அமைந்தால் கணவர் மாமியாரோடு போகட்டும். நீங்கள் பிள்ளைகளோடு உபுட்டில் 1956இல் திறந்த பூரி லுகிசான் ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம், தோட்டமும் தாமரைக் குளமும் உண்டு.

சானூரில் இருக்கும் ஐந்து நாளில் வெளியே போவது இரண்டே தடவை. ஒருநாள் காலை செராங்கான், பாலியோடு பாலத்தால் இணைந்த தீவு. ஒரு காலத்தில் ஆமை வியாபாரத்துக்குப் பேர்போன இடம். இன்று அங்கே ஆமைப் பாதுகாப்பு மையம் நடக்கிறது. முட்டைகளைப் புதைத்த மணல் தொட்டி, அடிபட்டு வந்த பெரிய ஆமைகள், கடலுக்குப் போகக் காத்திருக்கும் குஞ்சுகள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தஞ்சோங் பெனோவாவில் 'ஆமைத் தீவு' என்று சொல்லிப் படகில் கூட்டிப்போய் ஆமையைக் கையில் தூக்கிப் படம் எடுக்க விடுகிறார்களே, அது வேண்டாம். யாராவது யானைச் சவாரி என்று அழைத்தாலும் வேண்டாம்.

இன்னொரு நாள் மாலை கெச்சாக் ஆட்டம். வாத்தியமே கிடையாது. சட்டையில்லாத ஐம்பது, நூறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக் சக்' என்று தொண்டையாலேயே தாளம் கட்டுவார்கள். நடுவில் சீதையைத் தூக்கிப் போவது முதல் அனுமன் நெருப்பில் குதிப்பது வரை ராமாயணம் நடக்கும். ஆதி காலத்திலிருந்து வருவது என்று விற்பார்கள். சாமியாடும் சடங்கின் கோஷத்தை எடுத்து, 1930களில் உள்ளூர் ஆட்டக்காரர்களும் அங்கே குடியிருந்த ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸும் சேர்ந்து பார்வையாளர்களுக்காக உருவாக்கியது அது. அதனால் அதன் வீரியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கதை தெரிந்த பிள்ளைகள் உங்களுடையவை. மொழி தெரியாமலே பின்தொடர்வார்கள்.

உலுவாட்டுவில் எழுபது மீட்டர் மலைமுகட்டில், கடலில் சூரியன் இறங்கும் நேரத்தில் பார்ப்பதற்கு ஈடில்லை. ஆனால் படி, நெருக்கியடித்த கல் இருக்கை, முடிந்ததும் இருட்டில் வண்டி நெரிசல், போதாததற்குக் குரங்கு. ஆகவே எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். மகளும் கணவரும் உலுவாட்டு போகட்டும். நீங்களும் மாமியாரும் சின்னவனும் சானூர் நடைபாதையில் இருங்கள். சேர்ந்துதான் பார்க்க வேண்டுமென்றால் கருட விஷ்ணு கெஞ்சனா பூங்காவிலும் மாலையில் கெச்சாக் நடக்கிறது. அங்கே கருடன் மேல் அமர்ந்த விஷ்ணுவின் சிலை பீடத்தோடு 121 மீட்டர். ந்யோமன் நுவார்த்தா என்ற சிற்பியின் பல வருட உழைப்பு, 2018இல்தான் முடிந்தது. கோயில் இல்லை, பூங்காதான். ஆனாலும் அண்ணாந்து பார்த்ததும் உங்கள் மாமியார் கை கூப்பாமல் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

குரங்கு என்றதும் சிரித்துக்கொண்டே கடந்துவிடாதீர்கள். 2008 முதல் பாலியில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. உலுவாட்டுக் குரங்குகள் கண்ணாடியையும் போனையும் பிடுங்கி, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். பறிக்கும் அவசரத்தில் கீறிவிடும். உபுட் குரங்கு வனத்தையும் ஐந்து வயதுப் பிள்ளையோடு நான் பரிந்துரைப்பதில்லை. தெருநாயைத் தடவக்கூடாது என்று சின்னவனிடம் இங்கிருந்தே சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.

சாப்பாட்டில் கஷ்டம் இறைச்சியால் வராது, அது கண்ணுக்குத் தெரியும். தெராசி என்ற இறால் விழுதுதான் மறைந்திருக்கும். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இருக்கும், கீரைப் பொரியலில் இருக்கும், சில இடங்களில் வேர்க்கடலைக் குழம்பிலும் இருக்கும். 'தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா டாகிங்' என்று ஒரு சீட்டில் ஆங்கில எழுத்தில் எழுதி மாமியாரின் கைப்பையில் வைத்துவிடுங்கள். இறால் விழுது, மீன், இறைச்சி மூன்றும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), டோஃபு, சோறு, காய்கறி எங்கும் கிடைக்கும். இந்திய உணவகங்களும் தெற்கில் உண்டு. குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கவும் பயன்படுத்தாதீர்கள்.

வண்டியை டிரைவரோடு நாள் கணக்கில் பேசிக்கொள்வதுதான் வசதி. ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் சாதாரண ஏழு இருக்கை வண்டி பத்தாது, பெரியதாகக் கேளுங்கள். குழந்தை இருக்கை சொல்லி வைத்தால்தான் வரும். கிளம்பும் முன்பே 'கடைகள் வேண்டாம்' என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளி நகைக்கடை, பாத்திக் துணிக்கடை, கூண்டில் புனுகுப்பூனையை அடைத்து வைத்திருக்கும் காப்பித் தோட்டம் என்று நிறுத்திக்கொண்டே போனால் டிரைவருக்குக் கமிஷன் உண்டு, உங்களுக்கு அரை நாள் போய்விடும். டிரைவர் பெயர் வாயானா, மாதேயா, ந்யோமனா, கெத்துத்தா என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்; பெயரை வைத்தே வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று சொல்லிவிடலாம். அதிலிருந்து பேச்சு தொடங்கிவிடும்.

கணவருக்கு ஒன்று. ரிசார்ட்டை விட்டு நகராத நாட்களிலும் பாலி அவரைத் தேடி வரும். காலையில் ஊழியர் ஒருவர் இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு, தட்டு நிறைய தென்னங்குருத்தில் மடித்த காணிக்கைப் பெட்டிகளோடு வருவார். உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும். கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. வாசற்படியில் ஒன்று, நீச்சல்குளத்து ஓரத்தில் ஒன்று, பணப்பெட்டி மேல் ஒன்று வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, விரலிடுக்கில் ஒரு பூவைப் பிடித்துத் தண்ணீர் தெளித்து, புகையை மெல்லக் கையால் தள்ளிவிடுவார். பல ரிசார்ட்டுகளில் இதைச் செய்யக் கற்றுத் தருகிறார்கள். அப்பாவும் மகளுமாக ஒரு மணி நேரம் குருத்து மடித்துப் பார்க்கட்டும். சின்னவனுக்குத் தரையில் இருப்பதை மிதிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

மே கடைசி நல்ல தேர்வு. மழைக்காலம் முடிந்திருக்கும், ஜூலை ஆகஸ்ட் கூட்டமும் விலையும் வந்திருக்காது. கலுங்கான் பண்டிகை 210 நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும் நாட்காட்டிப்படி வருவதால் தேதி மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் வாரத்தில் விழுந்தால் அதிர்ஷ்டம்: தெருவுக்குத் தெரு வளைந்த மூங்கில் தோரணங்கள் நிற்கும். டிரைவர்கள் மட்டும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், முன்பே பேசி வைக்க வேண்டும். பயணத்தை மார்ச்சுக்கு மாற்றுகிற யோசனை வந்தால் ஞெப்பி என்ற மௌன நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், விருந்தினர் உட்பட யாரும் ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது.

காகித வேலை கொஞ்சம்தான். கிளம்பும் நாளிலிருந்து அல்ல, அங்கே இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். முப்பது நாள் வருகை விசா தலைக்கு 5 லட்சம் ரூபியா, இணையத்திலேயே எடுத்துவிடலாம். 2024 பிப்ரவரி முதல் பாலி மாகாணம் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஒன்றரை லட்சம் ரூபியா தனிக் கட்டணம் வாங்குகிறது. இரண்டும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். ஆக, ஐந்து பேருக்கு 32 லட்சத்து 50 ஆயிரம் ரூபியா. பூஜ்யங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், எண்ணும்போது மட்டும் கவனம். ரிசார்ட் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமுமாக இன்னும் 21 சதவீதம் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் ரிசார்ட்டுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டு அறைகளும் நடுக்கதவால் இணைந்தவையா, தரைத்தளத்தில் கிடைக்குமா, குளியலறையில் தொட்டி ஏறிக் குளிக்க வேண்டியிருக்குமா, குழந்தைகள் கிளப்பில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பெற்றோர் இல்லாமல் விட முடியுமா, பெரிய நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளர் உண்டா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். விமான டிக்கெட் போடும்போதே மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்தானே என்று கூச்சப்பட வேண்டாம், குடியேற்ற வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் அவர் முழங்காலுக்கு மிச்சமாகும்.